பேட்ஜ் கொடுக்கலாமா? நம் வாட்ஸ்அப் குழுக்களும் பாராட்டும்



நம் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுக்களில் நன்றாகப் பங்கெடுப்பவர்களுக்கு மாதந்தோறும் 'பேட்ஜ்' கொடுக்க வேண்டும் என்று நம் மஹல்லாவின் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரத்த தானக் குழுவுக்கு ஒன்று, கல்வி வழிகாட்டிக் குழுவுக்கு ஒன்று என்று மாதிரிப் படங்களையும் அழகாக வரைந்து கொண்டு வந்திருந்தார்கள். பெயரோடு அந்தப் படத்தைக் குழுவில் போட்டால் மற்றவர்களுக்கும் ஊக்கம் வரும் என்பது அவர்கள் வாதம்.

நிர்வாகக் குழுவில் இதைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெரியவர்கள் சிலர், "இது முகஸ்துதிக்கு நாமே வாசல் திறந்து வைப்பது" என்றார்கள். இளையவர்கள், "ஒரு நன்றி கூடச் சொல்லாமல் எத்தனை நாள் ஒரே ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது?" என்று கேட்டார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முடிவு எடுக்கும் முன், இந்தப் பேட்ஜ் என்பது எப்படி வேலை செய்கிறது, மார்க்கம் இதில் நமக்கு என்ன காட்டித் தருகிறது என்பதைக் குடும்பங்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் நிலைமை. குழுவில் பெயர் இருப்பவர்கள் பலர், பேசுபவர்கள் சிலர். இரவு பதினொரு மணிக்கு 'ஓ நெகட்டிவ் அவசரம்' என்று செய்தி வந்தால் பதில் சொல்வது வழக்கமான அந்த இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீல நிறக் குறி மட்டும் சாட்சி. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் 'ஜும்ஆ முபாரக்' படங்கள் வரிசையாக வந்து விழும். அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் படங்களுக்கு அடியில் இரத்தம் கேட்ட செய்தி புதைந்து போகிறது என்பதுதான் கவலை.

இனி பேட்ஜ் விஷயத்துக்கு வருவோம். சாரணர் பிள்ளைகள் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே எண்ணம்தான் இணையத்துக்கும் வந்திருக்கிறது. விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். அங்கே 2003 முதல் நட்சத்திர வடிவில் ஒரு பதக்கம் வழங்கப்பட்டு வருகிறது. நன்றாக உழைத்த ஒருவருக்கு இன்னொருவர், 'இந்த வேலைக்காக' என்று இரண்டு வரி எழுதி அவருடைய பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். காசு கிடையாது, பதவி கிடையாது, மேலிடத்து அனுமதியும் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்தப் பதக்க வழக்கம் உண்டு.

இது உண்மையில் பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், விக்கிப்பீடியாவில் மிக அதிகமாக உழைக்கும் ஒரு சதவீதத்தினரில் இருந்து சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் பதக்கம் பெற்றவர்களின் உழைப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. இதைக் கேட்டதும் நம் இளைஞர்களுக்கு மகிழ்ச்சி வரும். ஆனால் அதே ஆய்வாளர்கள் 2014இல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். இந்த முறை குறைவாக உழைப்பவர்களுக்கும் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் உழைப்பு கூடவில்லை. அதுமட்டுமல்ல, பதக்கம் பெற்ற பிறகு அவர்களில் தொடர்ந்து நின்றவர்கள் குறைவாகவே இருந்தார்கள். பெயருக்கு ஒரு படம் கொடுத்தால் உறங்குபவர் எழுந்துவிடுவார் என்று நம்புவதற்கு இதில் இடமில்லை.

ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிறு விருது கொடுத்துப் பார்த்தபோது வேறு விதமான பலன் தெரிந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, விருது பெற்ற புதியவர்கள் தொடர்ந்து வருவது ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதன் தாக்கம் ஓர் ஆண்டு வரை நீடித்தது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது: புதிதாக ஓர் அடி எடுத்து வைத்தவரிடம் 'உங்களைக் கவனித்தோம், நீங்களும் எங்களில் ஒருவர்' என்று சொல்வதற்குப் பலன் இருக்கிறது. ஓயாமல் உழைப்பவரிடம் 'உங்கள் உழைப்பு தெரிகிறது' என்று சொல்வதற்கும் பலன் இருக்கிறது. ஒன்றும் செய்யாதவருக்குக் கொடுப்பதால் பலன் இல்லை.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா? பாராட்டவே கூடாது என்றால் நம் வரலாற்றில் பாதிப் பெயர்களை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு 'சித்தீக்', அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு 'இந்தச் சமுதாயத்தின் அமீன்', காலித் பின் வலீத் (ரலி) அவர்களுக்கு 'அல்லாஹ்வின் வாள்', ஸுபைர் (ரலி) அவர்களுக்கு 'ஹவாரி'. இவை எல்லாம் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே வந்த சிறப்புப் பெயர்கள். ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கைக்குரியவரை நம்பிக்கைக்காகவும், வீரரை வீரத்துக்காகவும் அழைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த பட்டமாக அது இல்லை.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இளைஞராக இருந்தபோது அவர்கள் கண்ட ஒரு கனவைச் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார்கள். அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் எழுந்து தொழுபவராகவும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு இப்னு உமர் (ரலி) அவர்கள் இரவில் சிறிது நேரமே உறங்கினார்கள் என்று அவர்களின் மகனார் ஸாலிம் அறிவிக்கிறார்கள். புகாரியில் இது இருக்கிறது. முதலில் உண்மையான ஒரு பாராட்டு. அதோடு சேர்த்து அடுத்த படியும் காட்டப்பட்டது. ஒரு வாக்கியத்தில் இரண்டும் முடிந்தது, கேட்டவர் ஆயுள் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பிறர் பார்க்கச் செய்யும் நன்மை எல்லாமே முகஸ்துதி என்றும் சொல்லிவிட முடியாது. முளர் கூட்டத்தார் உடுக்க நல்ல உடைகூட இல்லாமல் மதீனாவுக்கு வந்தபோது, அன்ஸாரி ஒருவர் கையில் தூக்க முடியாத அளவுக்குக் கனத்த ஒரு பையை எல்லோர் முன்னிலையிலும் கொண்டு வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டு வந்து குவித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் மலர்ந்தது. நல்ல வழிமுறையைத் தொடங்கி வைத்தவருக்கு அவருடைய கூலியும், அவரைப் பார்த்துச் செய்தவர்களின் கூலி போன்றதும் உண்டு என்ற கருத்திலான ஹதீஸ் அப்போது சொல்லப்பட்டதுதான். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற பொருளில் அபூதாவூத், திர்மிதி நூல்களில் வரும் ஹதீஸையும் நாம் அறிவோம்.

ஆனால் மறுபக்கம் அதைவிடக் கனமானது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர் ஆலிம், ஒருவர் போரில் உயிர் நீத்தவர், ஒருவர் கொடையாளி. மூவரும் செய்தது பெரிய வேலைதான், ஆனால் மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள், உலகில் சொல்லப்பட்டும் விட்டது. முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸைக் கேட்டு நடுங்காதவர் யார்? ஒருவரை முகத்துக்கு முன் அளவு மீறிப் புகழ்ந்தவரிடம், உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீர் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும் உண்டு. புகழ்ந்தே ஆக வேண்டும் என்றால், 'இன்னாரை இப்படிக் கருதுகிறேன், உண்மையை அறிந்தவன் அல்லாஹ்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்கிறது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிடச் சிறந்தது என்கிறது. இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே தட்டில் இல்லை.

நிய்யத்து பற்றி ஆலிம்கள் சொல்வதை, வேறு வார்த்தைகளில் உளவியல் ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள் என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சிறு பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் போட்ட சான்று அட்டை கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே அட்டையைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் பெற்ற பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. அட்டை ஒன்றுதான். 'இதைச் செய்தால் இது கிடைக்கும்' என்று முன்னால் பேசிய பேரம்தான் ஆசையைக் கெடுத்தது. வீட்டில் நோன்பு வைத்தால் சைக்கிள், குர்ஆன் ஓதி முடித்தால் செல்போன் என்று பிள்ளைகளிடம் பேரம் பேசுகிற பெற்றோரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். கணினி நிரல் எழுதுபவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் 2008இல் தொடங்கியது. அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பேட்ஜ்கள் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கை செய்தால் குறிப்பிட்ட பேட்ஜ். அங்கே நடப்பதை ஆராய்ந்தவர்கள் 2013இல் எழுதினார்கள்: எண்ணிக்கை நெருங்க நெருங்க அந்த வேலையை மக்கள் மும்முரமாகச் செய்கிறார்கள், பேட்ஜ் கைக்கு வந்ததும் அந்த வேகம் இறங்கிவிடுகிறது. ஆக, பேட்ஜ் ஒரு கடிவாளம் போல. எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் குதிரை திரும்பும், விட்டால் நின்றுவிடும்.

இப்போது நம் கல்விக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சிறுபான்மையினர் பிரீமெட்ரிக் உதவித்தொகை 2022-23 முதல் 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் என்று மாறிவிட்டது. ஆனால் 1ஆம் வகுப்பு முதல் கிடைக்கும் என்ற பழைய செய்தி இன்னமும் பார்வர்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பித் தாய்மார்கள் வருமானச் சான்றுக்கு அலைகிறார்கள். அதிகப் பதிவு போட்டவருக்குப் பேட்ஜ் என்று வைத்தால் அந்தப் பார்வர்டை அனுப்பியவர்தான் முதலில் வாங்குவார். அரசு இணையதளத்தில் சரிபார்த்து, 'இது பழைய செய்தி, அலைய வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி எழுதிய சகோதரி கணக்கிலேயே வரமாட்டார். பேஸ்புக் குழுக்களில் 'சிறந்த பங்களிப்பாளர்' என்று தானாகவே ஒரு பட்டம் வருகிறதே, அது எத்தனை பேர் வேலையை இப்படி மறைக்கிறதோ தெரியவில்லை. எண்ணுவது இயந்திரத்துக்கு எளிது. மதிப்பறிய மனிதர்தான் வேண்டும்.

இரத்த தானக் குழுவில் விஷயம் இன்னும் நுட்பமானது. இத்தாலியில் ஓர் ஊரின் இரத்தக் கொடையாளர்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அங்கே குறிப்பிட்ட முறை கொடுத்தவர்களுக்குப் பதக்கம் தருவார்கள். பதக்கம் நெருங்கும்போது மக்கள் அடிக்கடி கொடுக்க வந்தார்கள். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் வந்து, பொது மேடையில் வழங்கப்படும் பதக்கங்களுக்கு மட்டுமே இது நடந்தது. பிறர் அறிய வேண்டும் என்ற ஆசை மனிதனை எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதனால் நோயாளிக்கு நன்மை கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது. இரத்தம் ஓடும் உடலுக்குக் கொடுத்தவரின் நிய்யத்து தெரியாது.

ஆனாலும் நம் குழுவில் 'இத்தனை முறை கொடுத்தால் இந்தப் பேட்ஜ்' என்று வைப்பதை நான் எதிர்க்கிறேன். நம் நாட்டு விதிப்படி ஆண்கள் ஒருமுறை கொடுத்தபின் 90 நாளும், பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. எண்ணிக்கையைத் துரத்தும் ஒரு பிள்ளை முந்தைய தேதியை மறைத்தால், மஞ்சள் காமாலை வந்ததைச் சொல்லாமல் விட்டால், கெடுதல் அவனுக்கும் நோயாளிக்கும். காசுக்கு இரத்தம் கொடுக்கும் முறை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டதற்குப் பின்னால் இருந்த அச்சமும் இதுதான்: கொடுப்பதில் தனக்கு ஆதாயம் இருந்தால் உண்மையை மறைக்கத் தோன்றும். பேட்ஜ் காசு இல்லை. இருந்தாலும் இருபது வயதில் அது காசைவிடப் பெரிதாகத் தெரியலாம். நான் பாராட்ட நினைப்பது, 'போன மாதம்தான் கொடுத்தேன், ஆனால் இன்னார் தயாராக இருக்கிறார், அழைத்துத் தருகிறேன்' என்று உண்மையைச் சொல்லி ஏற்பாடும் செய்பவரைத்தான்.

இன்னொரு காரியம், உதவி பெறுபவரின் மானம். 'இன்ன வீட்டு நோயாளிக்கு இரத்தம் கொடுத்தவர்' என்று கட்டிலோடு சேர்த்துப் படம் போடும் வழக்கம் பல குழுக்களில் பரவி வருகிறது. கொடுத்தவருக்கு அது பேட்ஜ், வாங்கியவருக்கு அது என்ன? அடுத்த முறை தேவை வந்தாலும் அந்தக் குடும்பம் குழுவில் கேட்கத் தயங்கும். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்க வேண்டாம் என்ற கருத்திலான வசனமும் அல்பகராவில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, பேட்ஜுக்கு எட்டாத கைகள். நம் மஹல்லாவில் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டும் சகோதரிகள் எந்த நேரம் அழைத்தாலும் வருகிறார்கள். ரமலானில் கஞ்சிக்குப் பூண்டு உரிப்பவர்கள் பெயர் எந்தக் குழுவிலும் இல்லை, சிலரிடம் தொடுதிரை போனே இல்லை. முடியாத முதியவர்களுக்கு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்பவர் செல்பி எடுப்பதில்லை. மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்தபோது, சிறிய விஷயம் என்று கருதி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லாமலேயே அடக்கிவிட்டார்கள். 'அவர் எங்கே?' என்று கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள், தனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுதார்கள். யாரும் எண்ணாத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள். குழுவில் எத்தனை செய்தி போட்டார் என்ற கணக்கில் அந்தப் பெண்மணி எந்த இடத்தில் வருவார்?

ஆகவே நிர்வாகக் குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இது. பேட்ஜ் உண்டு, ஆனால் போட்டி இல்லை. தரவரிசை, புள்ளி, 'இந்த மாத முதலிடம்' எதுவும் வேண்டாம். இன்னதைச் செய்தால் இன்னது கிடைக்கும் என்று முன்னறிவிப்பும் வேண்டாம். புதிதாக ஒருவர் முதல் முறையாக ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாலோ, முதல் முறை இரத்தம் கொடுக்க முன்வந்தாலோ, பொறுப்பாளர் அவருக்குத் தனிச் செய்தியில் 'ஜஸாக்கல்லாஹு கைரன்' சொல்லி, அவர் செய்த வேலையின் பலன் என்ன ஆயிற்று என்பதையும் ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். ஒரு நன்மை செய்தவரிடம் அந்த துஆவைச் சொன்னால் முழுமையாகப் புகழ்ந்ததாகும் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறதே, அதைவிட நல்ல பேட்ஜை எந்த மென்பொருளில் வரைய முடியும்? குழுவில் பொதுவாக அறிவிப்பதானால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. படத்தில் 'சமுதாயச் சுடர்' போன்ற பெரிய பட்டம் இல்லாமல், செய்த வேலை மட்டும் எழுதப்பட வேண்டும்: 'உதவித்தொகைச் செய்தியைச் சரிபார்த்துத் தந்தவர்', இவ்வளவுதான். உதவி பெற்றவர் பெயரோ படமோ கூடவே கூடாது.

ஜகாத், சதகா, நன்கொடை எதற்கும் பேட்ஜ் இல்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஐம்பது ரூபாயை மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போகும் கூலித் தொழிலாளியும் நம் பைத்துல்மாலில் பங்குள்ளவர். தொகைக்குத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

வரைந்து வந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் வாடியது. பிறகு ஒரு பிள்ளை, "அப்படியானால் யார் அமைதியாக வேலை செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டது. நல்ல கேள்வி. அதற்காக அறக்கட்டளை அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைக்க இருக்கிறோம். உங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் உழைக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு வரி எழுதிப் போடுங்கள். எழுதுபவர் பெயர் வேண்டாம். செய்தவர் பெயரும், செய்தது என்ன என்பதும் போதும். எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் நேரில் சொல்லலாம், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் குழுவில் என்ன செய்வது என்பதை ஆண்கள் உட்கார்ந்து முடிவு செய்யப் போவதில்லை. பெயர் வெளியிடலாமா, துஆ மட்டும் போதுமா, இரண்டும் வேண்டாமா என்பதை அந்தக் குழுவின் பொறுப்பாளர் சகோதரிகள் தங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசி எங்களுக்கு எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்கள் முடிவு வந்த பிறகே நிர்வாகக் குழு இந்த விஷயத்தை மறுபடி எடுக்கும்.